ஸ்காட்ச்-ஐரிஷ் மூதாதையைத் தேடுவது எப்படி: கப்பலை விடுங்கள், பக்கத்து நிலத்துக்காரரைப் பிடியுங்கள்

என் மகளை மணந்தவர் வட கரோலினாக்காரர். அவர்கள் வீட்டில் ஒரு பழைய குடும்ப பைபிள் இருக்கிறது. முன்பக்கத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். எல்லோருக்கும் மேலே இருக்கிற பெயருக்கு எதிரே மட்டும் ‘அயர்லாந்திலிருந்து வந்தவர்’ என்று ஒரு வரி. ஊர் இல்லை, ஆண்டு இல்லை, கப்பல் பெயரும் இல்லை. என் பேத்தி அந்த வரியில் விரலை வைத்து, “தாத்தா, இது எந்த ஊரு?” என்று கேட்டாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் 30 வருடம் வேலை பார்த்தவன் நான். பழைய காகிதம் என்றால் எனக்கு மலைப்பு கிடையாது. சரி, தேடித் தருகிறேன் என்று இறங்கினேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. நம்மவர்கள் வீடுகளில் இப்படி மருமகன், மருமகள் வழியில் இந்தத் தேடல் வந்து சேர்வது இப்போது சாதாரணம். அவர்களுக்காகவும், ஆர்வத்தால் தேடத் தொடங்குகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. இரண்டு மாதம் முழுக்கக் கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடினேன். கிடைக்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அப்படி ஒரு பட்டியலே எழுதப்படவில்லை. அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டரிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தவர் பிரிட்டிஷ் மன்னரின் குடிமகன். ஒரே அரசின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வருகிறார். அவரை யாரும் நிறுத்திப் பெயர் எழுதவில்லை. 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானியர்கள் அந்நியர் என்பதால் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது, அதனால் அவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்க அரசு எல்லாக் கப்பல்களிலும் பயணிகள் பட்டியல் வாங்கத் தொடங்கியது 1820இல்தான். ஆகவே இந்தத் தேடலைத் துறைமுகத்தில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும்.

இவர்கள் யார்

ஸ்காட்ச்-ஐரிஷ் என்பது கலப்புத் திருமணத்தால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1610ஐ ஒட்டி முதலாம் ஜேம்ஸ் மன்னர் அயர்லாந்தின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரில் பெரிய அளவில் குடியேற்றம் நடத்தினார். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலிருந்து ஏராளமான பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) குடும்பங்கள் அங்கே போயின. மூன்று, நான்கு தலைமுறை கழித்து அவர்களின் பிள்ளைகள் அமெரிக்கா வந்தார்கள். 1718க்கும் 1775க்கும் நடுவே வந்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். பழைய ஆவணங்களில் இவர்களை வெறுமனே ‘ஐரிஷ்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளைத் தேடப் போய்விடாதீர்கள்.

அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருந்தால் எப்போது கிளம்பினார்கள் என்று ஊகிக்க முடியும். குத்தகை முடிந்ததும் நிலச்சுவான்தார் வாடகையை உயர்த்துவது, தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது, அரசாங்கப் பதவிக்கு வர முடியாதபடி பிரஸ்பிட்டேரியன்களை ஒதுக்கிய 1704ஆம் ஆண்டுச் சட்டம், 1740-41 கடும்பஞ்சம், 1770களின் தொடக்கத்தில் லினன் வியாபாரம் படுத்தது. 1717-18, 1725-29, 1740-41, 1754-55, 1771-75 என்று வருகை அலை அலையாக இருந்தது. உங்கள் ஆள் முதன்முதலில் ஆவணத்தில் தென்படும் ஆண்டுக்குச் சற்று முந்திய அலையை ஒரு தற்காலிக விடையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தெரிந்தவரிலிருந்து பின்னால் நடப்பது

1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அடிமைகள் தவிர வீட்டிலிருந்த எல்லோருடைய பெயரும் முதன்முதலில் வருகிறது. அதற்கு முன்பு, 1790 வரை, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. இந்தப் பகுதியை ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் காசு செலவில்லாமல் கடந்துவிடலாம். கையெழுத்து ஆவணங்களுக்குள் இருக்கும் சொற்களையே தேடித் தரும் வசதியும் இப்போது அங்கே வந்திருக்கிறது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் பெயர்கூட அதில் சிக்குகிறது. முன்பு அட்டவணையில் வராத பெயர்கள் அவை.

அமெரிக்கப் புரட்சிப் போரில் உங்கள் ஆளோ அவர் மகனோ சண்டையிட்டிருந்தால் ஓய்வூதிய விண்ணப்பத்தை உடனே தேடுங்கள். 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்த முதியவர்களிடம் எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், போருக்கு முன்பும் பின்பும் எங்கே வாழ்ந்தாய் என்று நீதிமன்றத்தில் கேட்டு எழுதினார்கள். அவர்கள் நடந்த பாதை முழுவதும் சில சமயம் அவர்கள் வாயாலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று. இணையத்தில் இருக்கிற குடும்ப மரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஊகித்ததை 200 பேர் நகலெடுத்திருப்பார்கள். 200 பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. ‘மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்தார்கள்’ என்ற கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. குடும்பப் பெயருக்குச் சின்னம் விற்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். சின்னம் ஒரு தனிமனிதருக்கு வழங்கப்படுவது, குடும்பப் பெயருக்கு அல்ல.

இரண்டாம் படி: மாவட்ட எல்லையை ஆண்டு வாரியாகப் பார்ப்பது

நம்மூரில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்திரத்தில் இருக்கும் கிராமம் இன்று நாகப்பட்டினத்தில் இருக்கும் அல்லவா, அதே கதைதான். பென்சில்வேனியாவில் செஸ்டர் கவுன்டியிலிருந்து 1729இல் லாங்காஸ்டர் பிரிந்தது, அதிலிருந்து 1749இல் யார்க், 1750இல் கம்பர்லாந்து. வர்ஜீனியாவின் அகஸ்டா கவுன்டி 1738இல் ஆரஞ்சு கவுன்டியிலிருந்து உருவானாலும் அதன் நீதிமன்றம் 1745இல்தான் கூடியது. அதற்கு முந்தைய ஏழு வருடக் காகிதம் ஆரஞ்சில் இருக்கும். வட கரோலினாவில் ஆன்சனிலிருந்து 1753இல் ரோவன் பிரிந்தது. ஒரே வீட்டில் அசையாமல் இருந்தவர் மூன்று கவுன்டிப் பதிவேடுகளில் தென்படலாம். வட, தென் கரோலினாக்களுக்கு நடுவே எல்லைக்கோடு வெகுகாலம் தெளிவில்லாமல் கிடந்தது. அதனால் இன்று தென் கரோலினாவில் இருக்கும் நிலத்துக்கு வட கரோலினா பட்டா கொடுத்திருக்கும். ஆண்ட்ரூ ஜாக்சன் 1767இல் எந்தப் பக்கத்தில் பிறந்தார் என்று இரண்டு மாநிலங்களும் இன்றுவரை வாதாடுவது இதனால்தான். நியூபெரி நூலகம் தயாரித்த பழைய கவுன்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

மூன்றாம் படி: நிலம்

இங்கே நிதானமாக உட்காருங்கள். காலனி காலத்து எல்லைப்புறத்தில் பிறப்புப் பதிவு கிடையாது, திருமணப் பதிவு அபூர்வம், ஆனால் நிலம் எல்லோருக்கும் வேண்டும். நிலம் இருந்தால் காகிதம் இருக்கும்.

பென்சில்வேனியாவில் வரிசை இப்படி: மனு, அதன்பேரில் சர்வே செய்யச் சொல்லும் வாரன்ட், சர்வே, கடைசியில் பட்டா. இவை ஹாரிஸ்பர்க்கில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வாரன்ட் பதிவேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். வாரன்ட் வாங்கியவரும் பட்டா வாங்கியவரும் வேறு வேறு ஆளாக இருப்பதுண்டு. நடுவே 30, 40 ஆண்டு ஓடியிருந்தால் அந்தக் கைமாற்றத்தில் ஒரு தலைமுறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். மூலப்பத்திரம் தேடுகிற அதே கண்ணோடு பாருங்கள். சஸ்குவஹன்னா ஆற்றுக்கு மேற்கே 1730களின் நடுவே சாமுவேல் பிளன்ஸ்டன் கொடுத்த உரிமச் சீட்டுகள் தனியே இருக்கின்றன, அவற்றையும் விடாதீர்கள்.

வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் இரண்டு பெரிய நிலப்பரப்புகள் முக்கியம். ஒன்று வில்லியம் பெவர்லி 1736இல் பெற்ற பெவர்லி மேனர், 118,491 ஏக்கர். மற்றது அதற்குத் தெற்கே பெஞ்சமின் போர்டன் 1739இல் பெற்றது, 92,100 ஏக்கர். இவர்களிடமிருந்து துண்டு துண்டாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்ச்-ஐரிஷ்காரர்கள். கிரயப் பத்திரங்கள் ஆரஞ்சு, அகஸ்டா நீதிமன்றப் புத்தகங்களில் இருக்கின்றன.

தென் கரோலினாவில் ஒரு அழகான கணக்கு உண்டு. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், கூட வந்த ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்பது பொதுவான விதி. 250 ஏக்கர் கிடைத்திருந்தால் தலைவரும் மூன்று பேரும். முதன்முதலில் இந்தக் கணக்குப் போட்டுப் பார்த்து, பெயரே தெரியாத மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்த எண்ணுக்குள் நிற்பதை உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒவ்வொரு பத்திரத்திலும் நாம் செக்குபந்தி என்று சொல்லும் எல்லை விவரத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். இங்கே நான்கு திசையில் எழுதாமல், வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை டிகிரியில் இத்தனை ‘போல்’ தூரம் என்று எழுதுவார்கள். ஒரு போல் 16.5 அடி. கோணமானி, அளவுகோல் வைத்து ஒரு தாளில் வரையுங்கள். பக்கத்து நிலங்களையும் அதே அளவில் வரைந்து வெட்டி ஒட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஜான் இருந்தால் அவர்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒருவர் ஓடையின் இந்தக் கிளையில், மற்றவர் அந்தக் கிளையில் என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். சர்வேயில் சங்கிலி பிடித்தவர்களின் பெயரும் சில இடங்களில் இருக்கும். அது பெரும்பாலும் மகனோ மைத்துனனோதான்.

நான்காம் படி: உயிலும் நீதிமன்றமும்

உயிலில் வருகிற சொற்கள் இன்றைய பொருளில் இல்லை. ‘கசின்’ என்று எழுதியிருந்தால் அண்ணன் மகனாக இருக்கலாம். ‘சன்-இன்-லா’ என்பது மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளையையும் குறிக்கும். ‘ஜூனியர்’, ‘சீனியர்’ என்றால் அப்பா மகன் என்று கட்டாயமில்லை, ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இளையவர், மூத்தவர், அவ்வளவுதான். ‘ஆர்ஃபன்’ என்றால் தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் உயிரோடு இருக்கலாம். ‘இன்ஃபன்ட்’ என்றால் 21 வயது ஆகாதவர், கைக்குழந்தை அல்ல.

வர்ஜீனியாவில் 1785ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போய்விடும், அதற்குப் பத்திரம் எதுவும் பதிவாகாது. ஆகவே ஒருவர் தான் வாங்கியதாகப் பதிவே இல்லாத நிலத்தை விற்றால், அதே நிலத்தை முன்பு வைத்திருந்தவரின் மூத்த மகனா இவர் என்று பாருங்கள். வரிப்பட்டியலும் வயது சொல்லும். வர்ஜீனியாவில் வெள்ளை ஆண் 16 வயதில் வரிக்கணக்கில் வருவான்.

இந்த உயில்களில் அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயர்களும் சொத்தோடு சொத்தாக எழுதப்பட்டிருக்கும். வாசிக்க மனம் கனக்கும். அந்தப் பெயர்களையும் ஆண்டோடு எழுதி வையுங்கள், கவுன்டி நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் கொடுங்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிதான் கிடைக்கக்கூடிய ஒரே சான்றாக இருக்கும்.

ஐந்தாம் படி: கூட வந்தவர்கள்

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் இதற்கான தயாரிப்பு. இவர்கள் தனி ஆளாக நகரவில்லை. சபையோடும் சொந்தபந்தத்தோடும் நகர்ந்தார்கள். பென்சில்வேனியாவில் பக்கத்து நிலத்தில் இருந்தவர் 15 வருடம் கழித்து வர்ஜீனியாவில் உயிலுக்குச் சாட்சியாக வருவார், இன்னொரு 15 வருடம் கழித்து அவர் மகன் கரோலினாவில் உங்கள் ஆளின் மகளைக் கட்டியிருப்பார். உங்கள் ஆளின் பெயர் ஜான் என்றால் அவரைப் பிடிப்பது கஷ்டம். அவரோடு கூடவே வருகிற நாலு பேரில் ஒருவருக்காவது அபூர்வமான பெயர் இருக்கும், அவரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். துணை ஜனாதிபதியாக இருந்த ஜான் கால்ஹூனின் தந்தை பேட்ரிக், அயர்லாந்தின் டோனகலில் பிறந்தவர். 1733இல் குடும்பமாகப் பென்சில்வேனியா வந்தார்கள். 1740களில் வர்ஜீனியாவின் அகஸ்டா கவுன்டிக்குப் போய் ரீட் கிரீக்கில் நிலம் எடுத்தார்கள். 1756இல் தென் கரோலினாவின் லாங் கேன்ஸுக்கு இறங்கினார்கள். 1760 பிப்ரவரி 1ஆம் தேதி செரோகீ பழங்குடியினரின் தாக்குதலில் பேட்ரிக்கின் தாய் கேத்தரின் உட்படப் பலர் இறந்தார்கள். அது செரோகீ நிலத்தின் எல்லைக்கருகே நடந்த குடியேற்றம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து லாங்காஸ்டர், யார்க், ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகக் கரோலினா உட்பகுதிவரை போன பெரிய வண்டிப்பாதையின் வரைபடத்தை எடுத்து இந்தக் குடும்பத்தின் ஆண்டுகளை அதில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஆளின் தடமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கரோலினாவில் இருந்தால் வடக்கே வர்ஜீனியாவில் தேடுங்கள், அங்கே கிடைத்தால் பென்சில்வேனியாவில் தேடுங்கள்.

அண்டை வீட்டாரை எங்கே பிடிப்பது? சாலை உத்தரவு ஒன்று: ஒரு சாலையைப் பராமரிக்க அதையொட்டி வாழும் ஆண்களின் பெயரை நீதிமன்றம் எழுதும். எல்லை நடை இன்னொன்று: வர்ஜீனியாவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அண்டை நிலத்துக்காரர்கள் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும், அது திருச்சபைக் குழுவின் புத்தகத்தில் பதிவாகும். அகஸ்டாவின் அந்தப் புத்தகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அகஸ்டா நீதிமன்ற ஆவணங்களை லைமன் சாக்லி சுருக்கி எழுதிய மூன்று தொகுதிகள் 1912இல் வெளிவந்தன, இணையத்தில் இலவசம். அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு மூல ஆவணத்தின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள், சுருக்கத்தில் விடுபட்டதும் தவறானதும் உண்டு.

பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த முறையும் கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. ஆனால் இது ஊகத்துக்கு உதவுமே தவிர ஆதாரம் ஆகாது.

ஆறாம் படி: வந்திறங்கியதற்கான தடயம்

பட்டியல் இல்லை என்றேன், ஆனாலும் சில விதிவிலக்குகள் உண்டு. ஆரஞ்சு கவுன்டி நீதிமன்றத்தில் 1740ஐ ஒட்டிப் பலர் நிலம் கேட்டு, அயர்லாந்திலிருந்து ஃபிலடெல்ஃபியா வந்து அங்கிருந்து இந்தக் காலனிக்கு வந்தேன் என்று சத்தியம் செய்தார்கள். மனைவி மக்கள் பெயரும் அதில் இருக்கும். தென் கரோலினா 1761இல் ஏழைப் புராட்டஸ்டன்ட்களுக்குக் கப்பல் கட்டணம் கொடுக்கச் சட்டம் போட்டது, அப்படி வந்தவர்கள் பெயர் ஆளுநர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடுகளில் கப்பல் வாரியாக இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவின் 1745-46, 1771-73 பதிவேடுகள் இருக்கின்றன. நியூ இங்கிலாந்துப் பக்கம் போனவர்களுக்கு, 1718இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஷூட்டுக்கு அல்ஸ்டர்க்காரர்கள் 319 பேர் அனுப்பிய மனு இருக்கிறது.

1752 வரை ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1741 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1742. இதைக் கவனிக்காமல் நான் ஒரு பிள்ளையைப் பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிறக்கவைத்துவிட்டேன், பிறகு திருத்தினேன்.

மரபணுச் சோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆறேழு தலைமுறைக்கு அப்பால் சாதாரணச் சோதனையின் பலன் மிகவும் குறைந்துவிடும். நேரடி ஆண்வழி வாரிசு ஒருவர் இருந்தால் ஒய்-குரோமோசோம் சோதனை செய்யச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. அல்ஸ்டரில் ஊர் தெரிந்த ஒருவரோடு பொருந்தினால் பெரிய உதவி.

ஏழாம் படி: அயர்லாந்து

உங்கள் ஆளின் கூட்டத்தில் நாலைந்து குடும்பப் பெயர்கள் கையில் இல்லாமல் இங்கே வராதீர்கள். 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது உயில்களும் பழைய கணக்கெடுப்புகளும் பெருமளவில் போய்விட்டன. மிஞ்சியவற்றையும் நகல்களையும் சேர்த்த இணையக் காப்பகம் 2022இல் திறக்கப்பட்டிருக்கிறது. அதில் தேடுங்கள். 1660களின் அடுப்பு வரிப் பட்டியல், 1740 புராட்டஸ்டன்ட் குடும்பத் தலைவர் பட்டியல், 1766 மதக் கணக்கெடுப்பு, 1796 ஆளிச்செடி (லினன் துணிக்கு நார் தரும் செடி) பயிரிட்டோர் பட்டியல் ஆகிய நான்கும் அடிப்படை. ஒரே பெயரைத் தேடினால் 50 இடங்களில் வரும். நாலு பெயரும் ஒரே பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில்) சேர்ந்து வருகிற இடத்தைத் தேடினால் இரண்டு மூன்றாகக் குறையும். அங்கிருந்து டவுன்லேண்ட் என்ற சிற்றூர் அளவுக்கு இறங்க வேண்டும். அயர்லாந்து முழுவதும் 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்ட்கள் இருக்கின்றன.

பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டர் 1737இல் தொடங்கிய செய்தித்தாள். அதன் அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. கப்பல் விளம்பரங்களும், பயணம் நல்லபடி முடிந்தது என்று கேப்டனுக்குப் பயணிகள் பெயர் போட்டு நன்றி சொன்ன அறிவிப்புகளும் அதில் உண்டு. அமெரிக்காவிலிருந்து ஆளிவிதை ஏற்றி வந்த கப்பல்கள்தான் திரும்பும்போது ஆட்களை ஏற்றிச் சென்றன. ஆகவே டெர்ரி, பெல்ஃபாஸ்ட், நியூரி, லார்ன் என்று எந்தத் துறைமுகம் அந்தப் பங்குக்குப் பக்கம் என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து அரசு ஆவணக் காப்பகத்தின் ஜமீன் காகிதங்கள். அல்ஸ்டரில் நிலத்தை ‘மூன்று உயிர்’ குத்தகைக்கு விடும் வழக்கம் இருந்தது. பெயர் சொன்ன மூன்று பேரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். குத்தகைக்காரர் பெரும்பாலும் தன் சின்னப் பிள்ளைகளின் பெயரைக் கொடுப்பார், வயதும் எழுதியிருக்கும். வாடகைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் அந்த உயிர்களில் ஒருவருக்கு எதிரே ‘அமெரிக்கா போய்விட்டார்’ என்று குமாஸ்தா குறித்து வைப்பதுண்டு. எங்கள் ஆளுக்கு ஆன்ட்ரிமில் இரண்டு டவுன்லேண்ட்கள் மிச்சமிருக்கின்றன. அந்த இரண்டு கணக்குப் புத்தகங்களின் எண்களையும் எழுதிவைத்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் பேத்தியும் கூட வருகிறாள்.